முன்னேற்றம் காட்டாத தேவசகாயம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர்களே நாலு பக்கமும் போர்டு வைத்து அதற்கு விளக்கும் போட்டிருக்கிறார்கள். போதாததற்கு நான் வேறு ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்? அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆனால் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு பிரிவும் இருக்கிறது. அதற்கு ‘உடற்தகுதி உயர்த்தல் பிரிவு’ என்று பெயர். அந்தப் பிரிவின் இயக்குநர் ‘ஓகே’ என்று ஒரு பொத்தானை அழுத்தாமல் ஆபரேஷன் தியேட்டரில் ஒருவருக்கும் இடம் கிடையாது.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்ச நாள் நடந்து, மூச்சுப் பயிற்சி செய்து, முட்டையும் பருப்பும் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டால் கத்தி வைத்த பிறகு சீக்கிரம் எழுந்து நடமாடலாம். டாக்டர்கள் சொல்கிறார்கள், உண்மையும் அதுதான். அந்த உண்மைக்கு ஓர் இயக்குநரை நியமித்து, அவருக்கு ஏ.சி. அறையும் மைக்கும் கொடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் வினை ஆரம்பித்தது.

இயக்குநரின் பெயர் தென்னரசு. முன்பு உடற்பயிற்சி மெஷின் விற்கும் கம்பெனியில் இருந்தவர். அவருடைய சட்டைப் பொத்தான்கள் தினமும் வயிற்றோடு போராடி மாலையில் தோற்றுப்போகும். பிரிவு இருந்தது இரண்டாம் மாடியில். நோயாளிகள் படியேறித்தான் வர வேண்டும். அது பயிற்சியின் முதல் பாடம். லிஃப்டின் மேல் ‘இயக்குநருக்கு மட்டும்’ என்று ஒட்டியிருந்தது. அது நிர்வாகத்தின் முதல் பாடம்.

வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற திண்டிவனத்தில், ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர் தேவசகாயம். ஐம்பதைத் தாண்டிய வயது. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஏதேதோ வேரை அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தவரை மனைவி அமலாதான் அதட்டி உருட்டி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பெருங்குடலில் கட்டி. புற்றுநோய்தான். ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தது. அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் சங்கவி, ஸ்கேன் படத்தைக் காட்டி அமலாவுக்கு விளக்கினார்.

“இப்ப எடுத்தா மொத்தமா எடுத்துரலாம்மா. லேட் பண்ணினா கல்லீரலுக்குப் போயிடும். அங்க போயிட்டா அப்புறம் என் கையில இல்ல.”

“நாளைக்கே எடுத்துடுங்க டாக்டரம்மா.”

“எடுக்கலாம். மேல போய் பிட்னஸ் பிரிவுல ஓகே வாங்கிட்டு வந்துடுங்க.”

சொல்லும்போது சங்கவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏன் என்று அமலாவுக்குப் பிறகுதான் புரிந்தது.

மண்டித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது மேஸ்திரியிடம் வேலை கேட்டுப் போகிறவன் முதல் நாளே தன் முழு பலத்தையும் காட்டிவிட வேண்டும். இருக்கிறதிலேயே கனமான மூட்டையாகப் பார்த்து முதுகில் ஏற்றிக்கொண்டு பலகைமேல் விறுவிறுவென்று ஏற வேண்டும். முதல் நாள் முனகினவனை மறுநாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். தேவசகாயத்துக்கு வாழ்க்கையில் தெரிந்த ஒரே பரீட்சை அதுதான். ஆகையால் உடற்தகுதிப் பிரிவில் “மொத டெஸ்ட்” என்று சொன்னவுடன் சட்டையைக் கழற்றி அமலாவிடம் கொடுத்துவிட்டுத் தயாராக நின்றார்.

வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார்கள். நடந்தார். கூடவே நடந்து பார்க்க வேண்டிய பயிற்சியாளர் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னார்கள். நாற்காலி ஆட்டம் காணும் வரைக்கும் எழுந்தார். கைக்குள் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். அதன் முள் கடைசிக் கோட்டுக்குப் போய் அங்கேயே நின்றது, திரும்பி வரவில்லை.

“வேற ஏதாச்சும் தூக்கணுங்களா?” என்று கேட்டவர், பதில் வருவதற்குள் பயிற்சியாளரின் மேசையை அதன்மேல் இருந்த கம்ப்யூட்டரோடு தூக்கி ஜன்னலோரம் வைத்தார். “இங்க போட்டுக்கினா காத்து வரும் சார்.”

பயிற்சியாளர் மூச்சு வாங்கியபடியே கை தட்டினார். அமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், கணவன் மனைவி இரண்டு பேருமே வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பயிற்சி தொடக்க விழா. ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ‘நான் வெல்வேன்’ என்று எழுதிய மஞ்சள் பனியன் கொடுத்து வரிசையாக உட்கார வைத்தார்கள். தென்னரசு மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“அன்பான நோயாளிப் பெருமக்களே! உங்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கேன்சர் மட்டும் வராமல் இருந்திருந்தால் உங்களுக்கு இந்தப் பயிற்சி கிடைத்திருக்குமா? என்னைத்தான் சந்தித்திருப்பீர்களா? நோய் உங்களைத் தேடி வந்தது. நான் லிஃப்டில் வந்தேன். இருவரும் சேர்ந்து உங்களை ஒரு புது மனிதனாக ஆக்கப் போகிறோம். இங்கே யாரும் நோயாளி இல்லை. இங்கே எல்லோரும் ஒரு கோடு. அந்தக் கோடு மேலே ஏற வேண்டும். அதுதான் எங்கள் லட்சியம்!”

கோடு என்றால் சுவரில் மாட்டியிருந்த படத்தில் உள்ள கோடு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று. முதல் டெஸ்டில் கீழே ஆரம்பித்துக் கடைசி டெஸ்டில் மேலே போய் முடியும். அதைப் பார்த்துத்தான் நன்கொடை கொடுக்கிறவர்கள் மகிழ்ந்து போவார்களாம்.

விழா முடிந்ததும் தேவசகாயம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “நான் மண்டிக்குப் போயிக்கினே இதையும் பண்ணலாங்களா சார்?”

தென்னரசு பதறிப்போனார். “மூட்டை தூக்குறதா? கூடவே கூடாது. உழைப்பு வேற, எக்சர்சைஸ் வேற தேவசகாயம். மூட்டை தூக்கினா மூட்டை ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குப் போயிடுது. எக்சர்சைஸ்ல எதுவும் எங்கயும் போகக் கூடாது. நீங்களும் போகக் கூடாது. அந்த மெஷின் பெல்ட்டு மேல நின்ன எடத்துலயே நடக்கணும்.”

அப்படியே நடந்தார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் மூன்று பந்துகளை மூச்சால் இழுத்து உயர்த்தினார். ரப்பர் பட்டையை இழுத்தார். பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்கார்ந்து, ‘நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று எல்லோரோடும் சேர்ந்து சொன்னார். மூட்டை தூக்குவது நின்றுபோனதால் தோளும் முதுகும் லேசாகத் தளர ஆரம்பித்தன. ரத்தம் போவது மட்டும் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே கை கழுவினார். ராத்திரிகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதை அமலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது டெஸ்ட். தேவசகாயம் அப்போதும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் முதல் நாள் அளவுக்கு வரவில்லை, ஒரு பிடி குறைந்துவிட்டது. கோடு மேலே ஆரம்பித்துக் கீழே சரிந்தது. அன்றைக்கு டெஸ்டுக்கு வந்த மற்ற எல்லோருடைய கோடும் ராக்கெட் மாதிரி ஏறியிருந்தது. எல்லோருக்கும் ஓகே. தேவசகாயத்துக்கு மட்டும் ‘முன்னேற்றம் இல்லை, பயிற்சி தொடரவும்’ என்று வந்தது.

கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஃபாத்திமா பீவிக்கும் ஓகே. தன் கணவனைவிட மெதுவாக நடக்கிற அந்த அம்மாள் எப்படித் தேறினார் என்று அமலாவுக்கு விளங்கவில்லை. படியில் நிறுத்திக் கேட்டாள்.

“மொத நாள் நீங்க இன்னா பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலம்மா, அதான் விஷயம். எம் மவன் இர்பான் துபாய்லேர்ந்து போன் போட்டான். மொத நாளு ரெண்டு அடி வெச்சுட்டு, முடியல, தலை சுத்துதுனு உக்காந்துடும்மானு சொன்னான். உக்காந்துட்டேன். ஒங்க வூட்டுக்காரரு அன்னிக்கு மேசையத் தூக்கறப்பவே எனக்கு பக்குனு ஆயிப்போச்சு. இந்த மனுஷன் மாட்டிக்கினாரேனு நெனச்சேன்.”

அமலா நேராக டாக்டர் சங்கவியிடம் போனாள். சங்கவி ஏற்கெனவே கடுப்பில் இருந்தார்.

“உங்க வீட்டுக்காரர் உடம்பு ஆபரேஷனுக்கு எப்பவோ ரெடிம்மா. மூட்டை தூக்கித் தூக்கி அதுக்குத் தேவையான பயிற்சியெல்லாம் முன்னமே ஆயிடுச்சு. நான் மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன். மேல இருக்கற இயக்குநர் ஓகே அழுத்தாம தியேட்டர் கம்ப்யூட்டர் பேரை ஏத்துக்காது. நேத்து புது ஸ்கேன் பார்த்தேன். கட்டி வளர்ந்திருக்கு. இன்னும் வெளிய போகல. ஆனா இன்னொரு மூணு வாரம்னா நான் உறுதி சொல்ல மாட்டேன்.”

அமலா மாடி ஏறினாள். தென்னரசு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், அவரு பிட்டா இருக்காருனு டாக்டரம்மாவே சொல்றாங்க. அப்புறம் எதுக்குங்க நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

“பிட்டா இருக்கறது பெரிய விஷயமே இல்லம்மா. பிட்டா ஆகணும். அவர் பிட்டா இருந்தா அது அவரோட சாமர்த்தியம். பிட்டா ஆனாத்தான் எங்க சாமர்த்தியம். அவரோட சாமர்த்தியத்துக்கு எங்களுக்கு யாரு அவார்டு குடுப்பா?”

“அதுக்கு அவரு இன்னா பண்ணணும்?”

“மொத நாள் அவசரப்பட்டுட்டாரு. போகட்டும், நான் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன்.” தென்னரசு ஸ்ட்ராவை ஓரமாக வைத்தார். “அவரை மொதல்ல பலவீனமாக்கணும். இங்கயே ஒரு பெட்டு போட்டுடறேன். நடக்கக் கூடாது, எழுந்து உக்காரக் கூடாது, சாப்பாடு கம்மி. உடம்பு நல்லா தளர்ந்ததும் புதுசா ஒரு டெஸ்ட் வெச்சு அதை ஆரம்பமா எடுத்துக்கலாம். அப்புறம் மூணு வாரம் பயிற்சி. கோடு ஜம்முனு ஏறும் பாருங்க! ‘பலவீனப் பயிற்சி’னு பேரே வெச்சுட்டேன். நாட்டுலயே இதான் மொத தடவை.”

அமலா விரல்விட்டு வாரங்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “அதுக்குள்ள அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

“கவலையே படாதீங்கம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி ஆனது எதுவும் எங்க கணக்குல வராது” என்று ஆறுதல் சொன்னார் தென்னரசு.

அமலாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம். கை அந்த இளநீரை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். இது தலையில் கவிழ்த்து முடிகிற கணக்கில்லை என்று அவளுக்குத் தோன்றியது. “சரிங்க சார், அப்படியே பண்ணிடலாம்” என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள். அவள் கும்பிட்டதைப் பார்த்து தென்னரசு மகிழ்ந்ததுதான் அவர் செய்த பெரிய தப்பு.

அன்று சாயங்காலமே மண்டிக்குப் போய் மூட்டை தூக்குவோர் சங்கத் தலைவர் சித்தார்த்தனைப் பார்த்தாள். சித்தார்த்தன் தேவசகாயத்தைவிடச் சின்னவர், அவரிடம் தொழில் பழகியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்தார்.

“ஆஸ்பத்திரி வாசல்ல போய் மறியல் பண்ணிடலாம் அண்ணி.”

“மறியல் பண்ணா போலீசு வரும், பேச்சுவார்த்தைம்பான், அதுக்கு ஒரு கமிட்டி போடுவான். நமக்கு நாளு இல்ல. அந்தாளுக்கு மைக்குனா உசுரு. அவர இங்க பேசக் கூப்புடு.”

சித்தார்த்தனுக்கு உடனே புரிந்துவிட்டது. மறுநாள் நாலு பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆப்பிள் பழத்தோடு தென்னரசுவைப் பார்த்தார்கள். தொழிலாளர் உடற்தகுதி மாநாடு, தலைமையுரை நீங்கள்தான் என்றார்கள். தென்னரசு டைரியைப் புரட்டுவது போலப் பாவனை செய்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

“மேடை மட்டும் உயரமா இருக்கணும். கீழ நின்னு பேசினா எனக்குக் கருத்து வராது.”

“உயரத்துக்கு நாங்க பொறுப்பு சார்” என்றார் சித்தார்த்தன்.

இதற்கிடையில் தேவசகாயத்தை மருத்துவமனையில் சேர்த்துப் பலவீனப் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. அவர் கட்டிலில் மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “அமலா, நான் இன்னா தப்பு பண்ணேன்? இன்னும் வேகமா நடந்திருக்கணுமா?” என்று கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்விதான் தாங்கவில்லை. டாக்டர் சங்கவி மட்டும், மாநாட்டு நாளை அமலாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வார்டுக்கு வந்து, பலவீனப் பயிற்சியின் ஒரு பகுதி என்று சொல்லி அவருக்குக் குடலைச் சுத்தம் செய்ய மருந்து கொடுத்தார், ரத்தம் ஏற்றினார், மாநாட்டுக்கு முதல் நாளிலிருந்து சாப்பாட்டை நிறுத்தினார். ஆபரேஷனுக்குத் தயார் செய்வதும் அதேதான். பயிற்சி மிகச் சிறப்பாக நடப்பதாகப் பிரிவு சங்கவிக்குப் பாராட்டு அனுப்பியது.

மாநாடு அமாவாசையன்று காலை. மண்டியின் தகரக் கொட்டகைக்குள் மல்லாட்டை மூட்டைகளை அடுக்கி, கூரையைத் தொடுகிற மாதிரி ஓர் அட்டி போட்டிருந்தார்கள். உச்சியில் ஒரு மைக், பூமாலை. கீழே ஒரு நாற்காலி. சாய்வாக ஒரு பலகை. மூட்டைக்காரர்களும், அவர்களுக்குச் சோறு கொண்டு வரும் பெண்களும் அதில் தினமும் நூறு தடவை ஏறி இறங்குவார்கள். தென்னரசு அண்ணாந்து பார்த்துவிட்டு எச்சில் விழுங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தோளில் ஏற்றி, மேளம் அடித்து, மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மேலே போனதும் அவருக்குக் கருத்து வந்துவிட்டது. “தொழிலாளத் தோழர்களே! உங்கள் உடம்பைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. ஒரு மெஷின்கூட இல்லாமல் இதை வளர்த்திருக்கிறீர்கள். முறையாகப் பயிற்சி எடுக்காத பலம் பலமே இல்லை. என்னைப் பாருங்கள்! நான் இங்கே நிற்கிறேன் என்றால் அது முறையான உடற்தகுதி!” என்று தொடங்கி வெயில் ஏறும் வரை பேசினார். கைதட்டல் தகரத்தில் எதிரொலித்தது. பேசி முடித்துக் கும்பிட்டு நிமிர்ந்தபோது கொட்டகை காலியாகிக்கொண்டிருந்தது.

“அமாவாசை சார். எல்லாருக்கும் மேல்மலையனூர் பஸ்ஸு. ஜல்தியா போனாத்தான் இடம் கிடைக்கும்” என்றார் கீழே நின்ற சித்தார்த்தன். தென்னரசுவின் கார் டிரைவருக்கும் அந்த ஊர் அங்காளம்மனிடம் ஒரு வேண்டுதல் இருந்தது, அவனும் போய்விட்டான். பலகையை லாரியில் மூட்டை ஏற்ற எடுத்துப் போயிருந்தார்கள்.

“தம்பி, நான் இறங்கணுமே.”

“இறங்குங்க சார். மூட்டை மேல காலு வெச்சு அப்படியே இறங்க வேண்டியதுதான். யாரும் உங்களக் கட்டிப் போடலியே.”

தென்னரசு ஒரு காலைக் கீழே தொங்கவிட்டார். அது எந்த மூட்டையிலும் படவில்லை. மேலே இழுத்துக்கொண்டார். கீழே அமலா வந்து நின்றாள்.

“இன்னா சார், இறங்க முடியலியா?”

“முடியலம்மா. பலகை போடச் சொல்லும்மா.”

“போடலாங்க. ஆனா இப்ப உங்களால கொஞ்சங்கூட இறங்க முடியல. நல்ல ஆரம்பம் சார். ஒரு மூணு வாரம் அங்கயே இருந்து பயிற்சி பண்ணுங்க. கோடு ஜம்முனு ஏறும்.”

“வெளையாடாதம்மா. வேர்த்து ஊத்துது. மயக்கமா வருது.”

“கவலப்படாதீங்க. இறங்கறதுக்கு முன்னாடி ஆனது எதுவும் எங்க கணக்குல வராது.”

கயிற்றில் கட்டி ஒரு சொம்பு மோர் மேலே போனது. கூடவே அந்த மூன்று பந்துப் பெட்டியும் போனது. “மூச்சு வாங்கினா அத இழுங்க சார்” என்றாள் அமலா. தகரம் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. மல்லாட்டைத் தூசி அவருடைய வியர்வையில் ஒட்டி, ஆள் அடையாளமே மாறிப்போயிருந்தார்.

“சரிம்மா! என்னதான் வேணும் உனக்கு?”

“உங்களுக்கே தெரியும் சார். போன் கையிலதானே இருக்குது?”

தென்னரசு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வழுக்கும் விரலால் தேவசகாயத்தின் பெயரைத் தேடி ஓகே அழுத்தினார். அழுத்திய கையோடு போன் நழுவி, இரண்டு மூட்டைகளின் இடுக்கில் விழுந்து அட்டிக்குள் போய்விட்டது. அமலாவின் போனில் சங்கவியின் குரல் கேட்டது. “ஓகே வந்துடுச்சும்மா! தியேட்டருக்குள்ள எடுத்துட்டுப் போறோம். நீங்க உடனே வாங்க.”

“அழுத்திட்டேன்ல! பலகை போடு!”

“அவரு நல்லபடியா வெளிய வந்ததும் போன் பண்றேன் சித்தார்த்தா. அதுக்கப்புறம் போடு” என்று சொல்லிவிட்டு அமலா ஆட்டோவில் ஏறினாள். அவளுக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. வழியெல்லாம் புருஷனை நினைத்து ஜெபம் பண்ணிக்கொண்டு போனாள்; அந்த ஜெபத்தில் தென்னரசுவுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

தியேட்டர் கதவு திறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. சங்கவி முகத்துணியைக் கழற்றிக்கொண்டே வந்தார். “மொத்தமா வந்துடுச்சும்மா. கல்லீரல் சுத்தமா இருக்கு. குடலை ஒட்டிட்டேன், வயித்துல மலப் பை எதுவும் வைக்கலை.” அமலா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சித்தார்த்தனுக்குப் போன் செய்தாள்.

பலகை போட்டார்கள். தென்னரசு நின்று இறங்கவில்லை, உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு வந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தார். போனால், உடற்தகுதி இயக்குநராகிய என்னால் மூட்டையிலிருந்து இறங்க முடியவில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இடுப்புக்கு ஒரு பெல்ட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சங்கவி தேவசகாயத்தை எழுப்பி உட்கார வைத்தார். நர்ஸ் ஒரு பக்கம், அமலா ஒரு பக்கம். வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, குழாய்களையும் பாட்டிலையும் கூடவே தள்ளிக்கொண்டு, தேவசகாயம் மெல்ல நடந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார், ஆனால் நடந்தார். “நல்லா பண்றீங்க” என்றார் சங்கவி. அடுத்த நாள் வராந்தாவில் பாதி தூரம் போனார். குழாய்களைக் கழற்றினார்கள். கஞ்சி குடித்தார்.

அதற்கு மறுநாள் மருத்துவமனையின் சேர்மன் போட்டோகிராபருடன் வார்டுக்குள் வந்தார். கூடவே பெல்ட்டு கட்டிய தென்னரசு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. ஆபரேஷனான நோயாளி எடுத்து வைக்கும் முதல் அடியை விழாவாகக் கொண்டாடுவது அங்கே வழக்கம். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் படத்தில் நோயாளி படுத்திருக்க வேண்டும், சேர்மன் பக்கத்தில் நிற்க வேண்டும், நோயாளி எழ வேண்டும்.

“முதல் அடிக்குத் தயாரா?” என்றார் சேர்மன்.

“முந்தா நாளே நடந்துட்டேங்களே சார்” என்றார் தேவசகாயம் பயந்துகொண்டே.

சேர்மனின் முகம் இருண்டது. “யாரைக் கேட்டு நடந்தீங்க? கால் உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் எது முதல் அடி என்று முடிவு செய்ய வேண்டியது நிர்வாகம். நிர்வாகம் பார்க்காத அடியை நாங்கள் அடியாக எடுத்துக்கொள்வதில்லை. பரவாயில்லை, மறுபடி படுங்க. எழுந்திருக்க முடியாத மாதிரி முகத்தை வெச்சுக்குங்க.”

தேவசகாயம் கட்டிலைப் பார்த்தார். படுக்கப் போனார்கூட. அமலா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவரு படுத்துக் கெடந்ததெல்லாம் போதும். இனிமே படுக்க மாட்டாரு. போட்டோவுக்கு எழுந்திருக்க முடியாத ஆளு வேணும்னா, தோ, பெல்ட்டு போட்டுக்கினு செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கிறாரே, அவரப் படுக்க வைங்க.”

சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். தென்னரசுவைப் பார்த்தார். அவருக்கு விழுப்புரத்தில் அடுத்த நிகழ்ச்சி இருந்தது.

“படுங்க தென்னரசு.”

“சார், நான் இயக்குநர்...”

“போர்வையை மூடினா யாருக்குத் தெரியப் போவுது? படுங்க.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு தென்னரசு படுத்தார். கழுத்து வரைக்கும் போர்வை மூடினார்கள். சேர்மன் பக்கத்தில் நின்று சிரித்தார். “இப்ப கையை நீட்டுங்க. தேவசகாயம், நீங்க சும்மா அவர் கையைப் பிடிச்சு எழுப்பி விடுங்க. முன்னாள் நோயாளி இன்னொரு நோயாளிக்குக் கை கொடுக்கிறார்! அருமை!”

தென்னரசு கையை நீட்டினார். தேவசகாயம் அந்தக் கையைப் பார்த்தார். தையல் போட்ட வயிற்றைப் பார்த்தார்.

“ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாதுனு சொல்லிக்கிறாங்க சார். ஒரு கொடம் தண்ணிகூட.”

“கரெக்ட். தையல் பிரிஞ்சுடும்” என்றார் வாசலில் நின்ற சங்கவி. சேர்மனுக்கு முதுகுவலி, அவர் குனிகிறவர் இல்லை. போட்டோகிராபரின் இரண்டு கையிலும் கேமரா. தென்னரசு தானாக எழப் பார்த்தார். பாதி வரைக்கும் வந்தார். இடுப்பு சுளீரென்று பிடிக்க, “ஐயோ” என்று பழையபடி விழுந்தார். படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எப்படியும் ஒன்றாவது நன்றாக வரும் என்றார் சேர்மன்.

அமலா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தாள். அவருடைய அன்றைய நடை பாக்கி இருந்தது. பின்னால் “நர்ஸ், நர்ஸ்” என்று தென்னரசுவின் குரல் கேட்டது. தேவசகாயம் நின்று திரும்பிப் பார்த்தார்.

“பாவம்டி. யாராச்சும் தூக்கி விடுவாங்களா அவர?”

“மேல பிட்னஸ் பிரிவுல ஓகே வாங்கினா தூக்குவாங்க. நீங்க நடங்க.”